மூடுபனிக் கடலில் இரும்பன்

இது நடந்தது போன வருடம் ஆனி மாதத்தில், ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில். இடம் திருகோணமலை. நான் துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருக்கிறேன். வயது நாற்பத்திரண்டு. இந்த வயதில் ஒருவன் கைபேசியில் ரோபோ விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் சின்ன வயதில் ஒரு ரீவி கேம் இருந்தது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சவூதியிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்தது. அதோடு ஒரேயொரு கசெட். அதில் எழுதியிருந்ததெல்லாம் யப்பான் எழுத்து. விளையாட்டின் பெயர் என்னவென்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. பெரிய இரும்பு மனிதன் ஒருவன் இடிந்த நகரங்களுக்குள் நடந்துபோய், மற்ற இயந்திரங்களோடு சண்டை பிடிப்பான். வலது கை பெரிது, இடது கை சிறிது. நானும் தங்கையும் அவனுக்கு "இரும்பன்" என்று பெயர் வைத்தோம். வெளியே யாருக்கும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஒரு மணித்தியாலம் விளையாடலாம், கரண்ட் இருந்தால். விளையாடும் கைப்பிடி இரண்டில் ஒன்றின் வயரை எலி கடித்துவிட்டது. மிஞ்சிய ஒன்றை நான் பிடித்துக்கொள்வேன், அண்ணன் அல்லவா. தங்கை பக்கத்தில் சம்மணம் கொட்டி இருந்து பார்ப்பாள். நாலாவது கட்டம் வந்தால் மட்டும் நான் அவளை நம்பித்தான் இருந்தேன். அது மூடுபனிக் கட்டம். இரும்பன் கடலில் ஒரு நீளமான இரும்புப் பாதையில் நடந்துபோவான். பாதை முடிவதற்கு முன்னால் ஓரிடத்தில் அவன் பனிக்குள் குதிக்க வேண்டும். சரியான இடத்தில் குதித்தால் கீழே ஒரு மேடை இருக்கும். ஓர் அடி முந்தினாலும் பிந்தினாலும் கடல்தான். பாதை முழுக்க ஒரே மாதிரி இருக்கும், எங்கே குதிப்பது என்று எந்த அடையாளமும் கிடையாது. நான் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு திரையைப் பார்ப்பாள். பிறகு சொல்லுவாள்: "இப்ப, அண்ணா!"

நான் அழுத்துவேன். இரும்பன் பனிக்குள் இறங்கி, மறைந்து, கீழே "தொம்" என்று காலூன்றும் சத்தம் கேட்கும். ஒருமுறைகூட அவள் பிழைவிட்டதில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை. வெல்லுகிறவன் ஏன் கேள்வி கேட்கப் போகிறான்?

போன வருடம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது. பழைய விளையாட்டொன்றைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்களாம். பெரிய வலது கை, சின்ன இடது கை. சோற்றுக் கையோடு அப்படியே இருந்துவிட்டேன். முப்பது வருடம் கழித்து இரும்பன் என்னைப் பார்க்க வந்திருந்தான்.

நான் பெரிய விளையாட்டுக்காரன் இல்லை. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் விளையாடுகிற ஆள். ஆனால் அந்தக் கிழமை முழுக்க எனக்கு வேறு நினைப்பு இல்லை. புதியவர்கள் நிறங்களைத் துடைத்து மினுக்கியிருந்தார்கள். வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தி, பழைய கட்டம் கட்டமான படமாகவும் மாற்றிக்கொள்ளலாம். நான் பழையதைத்தான் வைத்துக்கொண்டேன். அதில்தான் இரும்பனின் நடை சரியாக இருந்தது. இப்போதைய விளையாட்டுகளில் எல்லோரும் காற்றைப்போல ஓடுகிறார்கள். இரும்பன் ஓடமாட்டான். முழங்காலை மடித்து, உடம்பைத் தூக்கி, காலை வைத்து, ஒரு கணம் நின்று, பிறகுதான் அடுத்த கால். குதிக்கச் சொன்னால் உடனே குதிக்கமாட்டான், யோசிப்பதுபோல ஒரு தரம் குனிவான். அந்தப் பாரம் என் பெருவிரலுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு மறந்துபோனதெல்லாம் விரலுக்கு மறக்கவில்லை.

பாட்டும் அதே பாட்டு. சண்டைப் பாட்டு இல்லை. தாலாட்டுக்கும் கப்பல் சங்குக்கும் நடுவில் ஒன்று. அலுவலகம் முடிந்து உட்துறைமுக வீதியில் ஒரு சீமெந்துக் கட்டின் மேல் இருந்து விளையாடுவேன். முன்னால் துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் ஊற்றினதுபோல அசையாமல் கிடக்கும். தூரத்தில் ஒரு கப்பல் நிற்கும். காதுக்குள் அந்தப் பாட்டு. நிமிர்ந்து பார்த்தால், கப்பலுக்குப் பின்னாலிருந்து இரும்பன் முழங்காலளவு தண்ணீரில் மெல்ல நடந்து வருவான்போல இருக்கும். ஒருநாள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த மானொன்று என் கடதாசிப் பையைத் தின்றுவிட்டது. உள்ளே அலுவலகக் கடிதம் ஒன்றும் இருந்தது. எங்கள் ஊர் மான்களுக்கு மரியாதை கிடையாது.

முதல் மூன்று கட்டத்தையும் நாலே நாளில் கடந்துவிட்டேன். ஐந்தாம் நாள் மூடுபனிக் கட்டம் வந்தது. அங்கே நின்றது வண்டி.

குதித்தேன், கடல். இன்னும் கொஞ்சம் நடந்து குதித்தேன், கடல். புதுப் பதிப்பில் ஒரு வசதி உண்டு: விழுந்தால் பத்து வினாடி பின்னால் போய் மறுபடி தொடங்கலாம். அதையும் அமத்தி அமத்தி அலுத்துப்போனேன். எங்கே குதிப்பதென்று தெரியாதவனுக்கு எத்தனை தரம் பின்னால் போனாலும் என்ன பயன்? விளையாட்டையே பிழையாகச் செய்துவைத்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் முணுமுணுத்துவிட்டு, பிறகு ஒரு வார்த்தை சொன்னாள்.

"தெரிஞ்ச ஆளிட்டக் கேக்கலாம்தானே."

தெரிந்த ஆள் எங்கள் பாலையூற்று வீட்டிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில், சல்லியில் இருந்தாள். நாங்கள் பேசிப் பதினொரு வருடம்.

நாங்கள் கத்தோலிக்கர். தங்கை விரும்பியது சல்லியைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளியை. அவர்கள் அம்மன் கோயில்காரர். அப்பா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "இனி எனக்கு ஒரு பிள்ளைதான்." அந்த ஒரு பிள்ளை நான். நியாயமாகப் பார்த்தால் நான் அன்றைக்கு வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கலியாணத்துக்கும் போகவில்லை. அப்பாவுக்குப் பயந்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதுகூடப் போகட்டும். நாலு வருடத்துக்கு முன் அப்பா மோசம் போனார். செத்தவீட்டில் கேற்றடியில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது நான்தான். தங்கை வந்தாள். புருஷன் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீதியின் மறுபக்கம் நின்று அவள் என்னைப் பார்த்தாள். "உள்ள வா" என்று இரண்டு சொல், வேறொன்றும் தேவையில்லை. சனம் பார்க்கிறதே என்று நான் முகத்தைத் திருப்பி, வந்த யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி போகும்வரை வெயிலில் நின்றுவிட்டு அவள் போய்விட்டாள். அப்போது பயப்பட அப்பாவும் இல்லை. அந்த வீம்பு முழுக்க முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள் போகவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். எந்த முகத்தோடு போவது? போய் என்ன சொல்வது? இப்போது சொல்வதற்கு ஒன்று கிடைத்திருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் எனக்கு அது அங்கே போக ஒரு சாட்டாக இருந்தது. மூடுபனிக் கட்டத்தில் எங்கே குதிப்பது என்று கேட்கலாம். அவள் ஒரு தரம் என்னை "அண்ணா" என்று கூப்பிட்டால் போதும் என்பதுதான் உள்ளே கிடந்த உண்மையான ஆசை.

போயா விடுமுறையன்று காலை மோட்டார் சைக்கிளை எடுத்தேன். எங்கே என்று மனைவி கேட்டாள். சல்லிக்கு மீன் வாங்க என்றேன்.

"சந்தை இஞ்ச இருக்கேக்க சல்லிக்கோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். பிறகு உள்ளே போய், ஒரு பையில் கேக்கும் பழமும் வைத்துக்கொண்டு வந்து கையில் தந்தாள். "மீன்காரருக்குக் குடுங்கோ."

உப்புவெளி தாண்டி, சாம்பல்தீவுப் பாலம் தாண்டி, சல்லிக்குள் இறங்கியபோது பத்து மணி. கருவாட்டு மணம். பாயில் மீன் காய்ந்தது. சைக்கிள்கள் வேலியில் சாய்ந்து நின்றன. வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, தங்கையின் பெயரைச் சொன்னதும் மூன்று பேர் கை காட்டினார்கள்.

முற்றத்தில் வலை விரித்து அவளுடைய புருஷன் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். நான் எதிர்பார்த்திருந்த கோபம் அந்த முகத்தில் இல்லை. அதுதான் என்னை மேலும் சிறிதாக்கியது.

"வாங்கோ" என்றார். "அவ மகளை இறக்கக்கண்டியில விடப் போட்டா. என்ர தங்கச்சி வீடு, லீவுக்கு நிக்கட்டும் எண்டு. பின்னேரத்துக்கிடையில வந்திடுவா. இருங்கோ."

பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டார். நான் இருந்தேன். அவர் மறுபடி வலையைப் பிடித்தார். முறைப்படி நாங்கள் மச்சான்மார். ஆனால் அந்தச் சொல்லை அவரும் சொல்லவில்லை, எனக்கும் வாயில் வரவில்லை. தேத்தண்ணி வந்தது. குடித்தேன். கடல் நல்லா இருக்கா என்று கேட்டேன். ஓம் என்றார். அதோடு இரண்டு பேருக்கும் கதை முடிந்தது.

கையை என்ன செய்வதென்று தெரியாமல் கைபேசியை எடுத்தேன். விரல் பழக்கத்தில் விளையாட்டைத் திறந்துவிட்டது. அந்தப் பாட்டு முற்றத்தில் கேட்டது.

அவர் வலையை விட்டுவிட்டு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "இது இரும்பனெல்லோ?" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். உலகத்தில் இரண்டே இரண்டு பேருக்குத் தெரிந்த பெயர் அது. கசெட்டிலும் இல்லை, விளம்பரத்திலும் இல்லை. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவ சொல்லாத நாள் ஏது?" என்றார், ஏதோ காலநிலையைச் சொல்வதுபோல. "ஒரு கை பெரிசு, ஒரு கை சின்னன். நாலாவதில பனி. அண்ணா அமத்துவார், நான் சொல்லுவன் எண்டு. எனக்கு நீங்கள் அமத்தின விரல்கூடத் தெரியும்."

நான் அந்த வீட்டுக்கு வராத பதினொரு வருடமும் அந்த வீட்டுக்குள் நான் இருந்திருக்கிறேன். அதைக் கேட்டபோது சந்தோஷப்படுவதா, எங்கேயாவது போய் ஒளிப்பதா என்று தெரியவில்லை.

அவர் கேட்டார் என்று மூடுபனிக் கட்டத்தைக் காட்டினேன். எங்கே குதிப்பதென்று தெரியவில்லை, ஒரு கிழமையாக விழுந்துகொண்டிருக்கிறேன் என்றேன். அவர் கைபேசியை வாங்கவில்லை. நடத்துங்கோ என்றார். நடத்தினேன். இரும்பன் பாதையில் அசைந்து அசைந்து போனான்.

"நீங்கள் இவனையே பாக்கிறீங்கள்" என்றார். "இவனை விடுங்கோ. பின்னால பாருங்கோ. மலை ஒண்டு நிக்குது. அதுக்கு முன்னால வெளிச்சவீடு. இவன் நடக்க ரெண்டும் நகருது, ஆனா ஒரே கணக்கில நகரேல்ல. மலை மெல்லமாப் போகுது, வெளிச்சவீடு கெதியாப் போகுது. அப்ப எங்கயோ ஒரு இடத்தில ரெண்டும் ஒரு நேருக்கு வரும்தானே?"

"நாங்கள் கடலில இப்பிடித்தான் இடம் பிடிக்கிறது" என்றார். தண்ணீரில் கோடு போட ஏலாது, கல் நட ஏலாது. கரையில் இரண்டு பொருளை வைத்துக்கொள்வார்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் நேருக்கு வந்தால் ஒரு கோட்டில் நிற்கிறோம் என்று அர்த்தம். வேறு பக்கத்தில் இன்னும் ஒரு சோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் இடம். இப்போது எல்லாம் போனில் வருகிறதே என்று கேட்டேன். "வரும். பற்றரி செத்தா?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் அவளைக் கடல் காட்டக் கூட்டிப் போனாராம். பெண்கள் வள்ளத்தில் ஏறுவது அங்கே வழக்கமில்லை. ஊர் கொஞ்சம் கதைத்ததாம். போகிற வழியில், இடம் பிடிக்கிற விதத்தை ஒரு தரம்தான் சொன்னாராம். அவள் கரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும் என்றாளாம். தூண்டில் கயிற்றை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டு போனவர்கள், கடலுக்கடியில் யாருக்கும் தெரியாத ஒரு கல்திட்டைக் கண்டுபிடித்தார்கள். கல்திட்டை அவர்கள் "பார்" என்பார்கள். விளைமீனும் கலவாயும் நிறைந்த பார். கரையில் எதையும் எதையும் நேரெடுப்பது என்று குறித்து வைத்தது அவள்தான்.

"அதுக்கு அவ வைச்ச பேர் இரும்பன் பார்" என்றார். "இப்ப சல்லியில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. அடியில பழைய இரும்புக் கப்பல் ஏதோ கிடக்குது, அதுதான் அந்தப் பேர் எண்டு பெடியள் சண்டை பிடிக்கிறாங்கள். நான் வாய் திறக்கிறேல்ல."

மதியம் அவர்தான் சமைத்தார். சோறு, மீன் சொதி, கருவாட்டுப் பொரியல். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று மணி இருக்கும், தங்கை வந்தாள். படலையைத் திறந்தவள் முதலில் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தாள். பிறகு மோட்டார் சைக்கிளை. பிறகுதான் என்னை. தலையில் இரண்டு மூன்று வெள்ளை முடி. கண் அதே கண். நான் எழும்பினேன். அவள் என்னைத் தாண்டி, புருஷனிடம் கேட்டாள்.

"வந்தவர் சாப்பிட்டவரோ?"

"சாப்பிட்டவர்."

"என்ன அலுவலா வந்தவராம்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளதைச் சொன்னார். "இரும்பன் விழுந்துபோறானாம்."

அவள் என் கையில் இருந்த கைபேசியைப் பார்த்தாள். அவளுடைய முகம் ஒரு கணம் இளகியதுபோலத்தான் இருந்தது. பிறகு கோபம் வந்தது. வரத்தானே வேண்டும்?

"அப்பாவைக் கடைசியாப் பாக்க வந்த என்னை நடு றோட்டில நிப்பாட்டினவருக்கு, இப்ப கேம் விளையாட நான் வேணுமாமோ?" என்றாள். அதையும் புருஷனைப் பார்த்தே சொன்னாள்.

வழி முழுக்க மோட்டார் சைக்கிளில் யோசித்து வைத்திருந்த சாட்டெல்லாம் அந்த ஒரு கேள்வியில் உதிர்ந்துபோயிற்று.

"கேமுக்கு வரேல்ல" என்றேன். "அது சும்மா சாட்டு. அண்டைக்குக் கேற்றடியில நிண்டது நான். அப்பா இல்லை, நான்தான். உள்ள வா எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. சனத்துக்குப் பயந்திட்டன். பிழை என்ர. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவள் குசினிக்குள் போனாள். பாத்திரம் ஏதோ கழுவுகிற சத்தம் கனநேரம் கேட்டது. கழுவ அவ்வளவு பாத்திரம் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அவர் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்திருந்தார். போய்விடலாமா என்று அவரைப் பார்த்தேன். இருங்கோ என்று கண்ணால் சொன்னார்.

அவள் வெளியே வந்தபோது தலையில் ஒரு வெளிறின தொப்பி இருந்தது.

"நேரம் போகுது. பாருக்குப் போறதெண்டா இப்ப வெளிக்கிட வேணும்" என்றாள் புருஷனிடம். படலையைத் தாண்டிய பிறகு, திரும்பாமல், "வந்தவருக்கு விருப்பமெண்டா வரட்டும்" என்றாள்.

ஓர் உண்மையை இங்கே சொல்ல வேண்டும். நான் இருபது வருடமாகக் கப்பல் சரக்குகளுக்குக் கடிதம் எழுதுகிறேனே தவிர, சின்ன வள்ளத்தில் கடலுக்குப் போனதே இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. வள்ளத்தைத் தள்ளி ஏறும்போதே இடுப்புவரை நனைந்து, முழங்காலில் விழுந்து எழும்பினேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லவும் வழியில்லை, ஒட்டியிருந்தது. அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை.

காற்று அடங்கியிருந்தது. கடல் தட்டையாக, பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. அவர் பின்னால் எஞ்சினைப் பிடித்திருந்தார். அவள் வள்ளத்தின் நுனியில், முன்னணியத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். நான் நடுவில், இரண்டு கையாலும் பலகையை இறுக்கிப் பிடித்தபடி.

கன தூரம் போன பிறகு எஞ்சினைக் குறைத்து, வள்ளத்தைக் கரைக்குப் பக்கவாட்டாகத் திருப்பினார். அப்போதுதான் நான் கரையைப் பார்த்தேன்.

வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. கரை முழுக்கப் புகைமாதிரி ஒரு மூட்டம். அந்த மூட்டத்துக்குள் எல்லாம் தட்டையாக, நிறமில்லாமல், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நின்றன. முன்னால் பனைகள். அதற்குப் பின்னால் அம்மன் கோயில். அதற்கும் பின்னால், தூரத்தில், நீல மலைகள். வள்ளம் மெல்ல நகர, பனைகள் கெதியாகப் போயின. கோயில் அதைவிட மெல்லப் போயிற்று. மலை போனதே தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சின்ன ரீவியில் பார்த்த அதே கடல், அதே பனி. நான் இரும்பனுக்கு உள்ளே இருந்தேன். காதுக்குள் அந்தப் பாட்டுக்கூடக் கேட்டதுபோல இருந்தது. பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அவர் குனிந்து, கயிறு கட்டிய நங்கூரக் கல்லைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"அவ சொன்ன உடன விடுங்கோ" என்றார் மெல்ல. "பிந்தினா பார் தப்பிப் போகும்."

கல்லை இரண்டு கையாலும் தூக்கி விளிம்பில் வைத்துக்கொண்டேன். தங்கை எழும்பி நின்றாள். ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, கரையைப் பார்த்தாள். பத்து வயதில் எப்படிப் பார்த்தாளோ அப்படியே. நானும் பார்த்தேன். கோயிலின் உச்சி, மலைகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. அவள் கழுத்தைத் திருப்பித் தெற்கே கோணேசர் மலைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். மறுபடி கரையைப் பார்த்தாள். அவள் புருஷனிடம் சொல்லுவாள், அவர் எனக்குச் சொல்லுவார், அதுதான் அன்றைய முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப, அண்ணா!"

விட்டேன். கல் தண்ணீரைப் பிளந்துகொண்டு போயிற்று. கயிறு சரசரவென்று ஓடியது. ஓடி, ஓடி, ஓரிடத்தில் தளர்ந்து நின்றது. காலூன்றிவிட்டது.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். நாற்பத்திரண்டு வயது ஆண், சுற்றிவரக் கடல், ஒளிக்க ஓர் இடமில்லை. அவளும் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன், தொப்பி மறைத்தது. கொஞ்சநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கயித்தில இருந்து கையை எடுங்கோ, வெட்டிப் போடும்" என்றாள். அவ்வளவுதான். மன்னிச்சிட்டன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை, இன்றைக்குவரைக்கும் சொன்னதில்லை.

எஞ்சினடியில் இருந்தவர் ஒன்றும் நடக்காததுபோலத் தூண்டிலுக்கு இரை குத்திக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்துவிட்டு, "எனக்கும் ஒரு தூண்டில் தாங்கோ, மச்சான்" என்றேன். அந்தச் சொல் பதினொரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்ததா, அப்போதுதான் பிறந்ததா தெரியாது. அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நான் பிடித்தது ஒரேயொரு விளைமீன். வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தபோது, "மீன் வாங்கத்தான் போயிருக்கிறீங்கள்" என்றாள்.

இருட்டுவதற்குள் கரைக்கு வந்துவிட்டோம். மூடுபனிக் கட்டத்தை அன்றைக்கு விளையாடவில்லை, ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. இப்போது எனக்கு வழி தெரியும். மலைக்கு நேரே வெளிச்சவீடு வரும்போது குதித்தால் சரி. ஆனாலும் தனியே இருக்கும்போது நான் அந்தக் கட்டத்தைக் கடப்பதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அன்றைக்கு இரும்பன் அந்தப் பாதையில் வந்து நிற்பான். நான் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, அவள் சொல்லும்வரை காத்திருப்பேன்.

சல்லிக் கரையில் யாராவது இரும்பன் பார் என்று சொல்லக் கேட்டால், அடியில் பழைய கப்பல் கிடக்கிறதாக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நான் அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த காலமெல்லாம், நாங்கள் சேர்ந்து வைத்த பெயரை அவள் தன் கடலுக்கு நடுவே வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கும்போதெல்லாம், இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.